இங்கிருந்து எடுத்து அங்கே வைப்பவள்

இலஞ்சிக்குச் சாலை பிரியும் விலக்கைத் தாண்டும்போது மழை கனத்தது. குற்றாலத்தில் அதற்குச் சாரல் என்று பெயர். காசு செலவழித்து நனைய வருகிறவர்களுக்கு அது சாரல். துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பில் கொத்தனார் கரணையைச் செருகிக்கொண்டு தென்காசிக்கு நடக்கிறவனுக்கு அது வெறும் மழைதான்.

கோபத்தில் கிளம்பியிருந்தேன். மத்தியானச் சோற்றை அவள் இலையில் போட்டு வைத்திருந்தாள். அதைத் தொடாமல் வந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது. இலஞ்சி வருவதற்குள் பெருமை போய்ப் பசி வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவளைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. கடைத்தெருவில் சீசன் வீட்டுக்காரி என்பார்கள். நான் அக்கா என்று கூப்பிட்டேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். நெட்டையான உருவம், எதையாவது தூக்கிக்கொண்டே இருந்து நரம்பு புடைத்துப்போன கைகள். புருஷன் கொழும்புக்குப் போனவர், முதலில் கடிதம் நின்றது, பிறகு அவரைப் பற்றிய பேச்சும் நின்றுவிட்டது. அவர் விட்டுப் போனது ஐந்தருவிச் சாலையில் இருந்த அந்த வீடு. சீசன் இரண்டு மாதமும் முன்வீட்டை மதுரைக் குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, பின்சுவரை ஒட்டி ஓடு வேய்ந்து இறக்கிய சாய்ப்பில் அவள் இருந்துகொள்வாள். அந்த இரண்டு மாத வாடகைதான் மிச்சப் பத்து மாதச் சாப்பாடு. அது வராவிட்டால் அண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணிக்கு மாவாட்டிக் கொடுத்துக்கொண்டு கிடக்க வேண்டும்.

"அதுக்கு நான் உரலாவே பொறந்திருக்கலாம்" என்று ஒரு தடவை சொன்னாள்.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிது. நான் வீரகேரளம்புதூரில் ஒரு கொத்தனாருக்குச் சித்தாளாக இருந்தேன். அவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டுப் போய்விட்டார். கரணையை மறந்து விட்டுப் போயிருந்தார். அதை எடுத்துக்கொண்டு, சீசனுக்கு முன்னால் குற்றாலத்தில் வெள்ளையடிக்கிற வேலையாவது கிடைக்கும் என்று வந்தேன். நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். குற்றாலத்துக்கு வருவதற்குள் ஓட்டலில் எச்சிலிலை எடுத்திருக்கிறேன், செங்கல் சூளையில் மண் மிதித்திருக்கிறேன், லாரியில் கிளீனராக இருந்து பாதிவழியில் இறக்கிவிடப்பட்டிருக்கிறேன். எந்த இடத்திலும் ஒரு தீபாவளிக்கு மேல் இருந்ததில்லை.

கடைத்தெருவில் கைகாட்டிவிட்ட வீட்டின் வாசலில் நின்று அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏலே, நீ கொத்தனாரா?"

"கொத்தனாருக்குச் சித்தாளு."

"அப்ப சரி. கொத்தனாருன்னா சாமான் கேப்பான்."

அந்த இடத்திலேயே நான் திரும்பி நடந்திருக்க வேண்டும்.

வேலை இதுதான். வீட்டின் வடபக்கத்தில் ஓர் அறை. துவைப்பதும் குளிப்பதும் அதே அறையில்தான். ஒரு மூலையில் வெந்நீர் அண்டா, நடுவில் துவைகல், மேலே குறுக்கே ஒரு கயிறு. சுவரெல்லாம் பாசி. தரையில் செங்கல் பெயர்ந்து கிடந்தது. கதவின் அடிப்பாகம் ஊறி உதிர்ந்து, உள்ளே குளிக்கிறவரின் கால் வெளியே தெரியும். மேலே குரங்குகள் ஓடி ஓடி ஓட்டில் பாதியை உடைத்திருந்தன.

அருவியில் குளிக்க வருகிறவர்களுக்கு வீட்டில் குளியலறை எதற்கு என்று கேட்கலாம். அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன் வீட்டுக்கு வந்துதான் மிச்ச எண்ணெயைப் போக்குவான். எண்ணெய்த் துண்டும் எண்ணெய் வேட்டியும் மூட்டையாக வரும். அவற்றை வெந்நீரில் அலசினால்தான் பிசுக்குப் போகும். அலசினாலும் வெளியே காயப்போட முடியாது. சீசனில் குற்றாலத்துக் கொடியில் போட்ட துணி, போட்டபோது இருந்ததைவிட எடுக்கும்போது அதிகமாக நனைந்திருக்கும். அதனால் எல்லாத் துணியும் அந்த அறைக்குள்ளேயே தொங்கும். குளிக்கிறவர் தலையில் சொட்டும்.

போன சீசன் முடிந்து கிளம்பும்போது மதுரை வீட்டம்மாள் இதைச் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினாளாம். "அடுத்த வருஷமும் இந்த ரூம் இப்படித்தான்னா நாங்க வேற வீடு பாத்துக்கிடுவோம்."

அதைச் சொல்லிக் காட்டிவிட்டு அக்கா என்னிடம் கேட்டாள்: "எத்தன நாளு ஆகும்?"

"சாமான் வந்துட்டா சீக்கிரம் முடிச்சிரலாம். செங்கல், சுண்ணாம்பு, ஓடு, கதவுக்குப் பலகை…"

"ஏலே, நான் கடையா வச்சிருக்கேன்? வீட்டுல இல்லாததா? இங்கன இருக்கதை அங்கன வச்சா தீந்துச்சு."

இந்த ஒரு வாக்கியத்தை அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்வாள் என்று கணக்கில்லை. அவளுக்குப் புதிதாக வாங்குவது என்பதே கிடையாது. ஒன்று வேண்டுமென்றால், அது இருக்கிற இன்னோர் இடத்தைத் தேடுவாள். அங்கிருந்து பிடுங்கி இங்கே வைப்பாள். பிடுங்கிய இடத்தில் பள்ளம் விழும். அந்தப் பள்ளத்துக்கு வேறோர் இடத்தில் பிடுங்குவாள். அவள் கூடவே அலைந்தால், வீடு முழுவதும் ஒரே பள்ளம்தான் இருக்கிறது, அதை அவள் இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறாள் என்று தோன்றும்.

அண்டா அடுப்பில் தொடங்கியது. அடுப்பு வாய் அறைக்குள்ளேயே இருந்ததால் புகையெல்லாம் துணியில் ஏறும். நான் சுவரை உடைத்து அடுப்பு வாயை வெளிப்பக்கம் திருப்பிவிடலாம் என்றேன். விறகை வெளியே இருந்து தள்ளலாம், சூடு மட்டும் உள்ளே வரும், அண்டாவுக்கு மேலே கழிகளைக் கட்டிவிட்டால் குளிக்க வைக்கிற நெருப்பிலேயே துணியும் உலர்ந்துவிடும். யோசனை அவளுக்குப் பிடித்துவிட்டது. அதை உடனே தன் யோசனையாக ஆக்கிக்கொண்டாள்.

"செங்கல் வேணும்" என்றேன்.

மறுநாள் விடிந்து பார்த்தால் செங்கல் அடுக்கியிருந்தது. பக்கத்து மனையை ஒட்டிய சுற்றுச்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விழுந்திருந்தது.

பக்கத்து மனையில் ஒரு ராவுத்தர் இருந்தார். சீசனில் துண்டும் லுங்கியும் விற்பவர். அவர் ஆடுகள் அன்றைக்கே உள்ளே வந்துவிட்டன. முருங்கையைத் தின்றன, என்னுடைய மாற்றுத் துண்டைத் தின்றன, சுண்ணாம்பைக் குழைக்க வைத்திருந்த பானையைத் தள்ளிவிட்டன. நான் ஓர் ஆட்டைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவரிடம் விட்டேன்.

"அண்ணாச்சி, ஒங்க ஆட்டைக் கட்டிப் போடக்கூடாதா?"

அவர் சுவர் ஓரமாக வந்து நின்று ஓட்டையைப் பார்த்தார்.

"தம்பி, ஆடு அது இருந்த எடத்துலதான் இருக்கு. சுவருதான் எங்கயோ போயிருக்கு. அதைப் பிடிச்சு முதல்ல கட்டச் சொல்லு."

அக்கா அசரவில்லை. குளியலறையின் ஊறிப்போன கதவைக் கழற்றி அந்த ஓட்டையில் சாய்த்து வைத்துக் கட்டினாள். ஆடு நின்றது. குளியலறைக்குக் கதவு போயிற்று. அதற்கு, தான் இருக்கும் சாய்ப்பின் கதவைக் கழற்றச் சொன்னாள்.

"ஒங்களுக்கு?"

"எனக்கு ஒரு பாயைத் தொங்க விட்டா ஆச்சு. என் வீட்டுல திருடன் வந்து எதை எடுக்கப் போறான்? எடுக்க வேண்டியதெல்லாம் நான்தான் எடுத்துட்டேனே."

துவைகல் தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. அதற்குச் சாய்ப்பின் வாசல் படிக்கல் வந்தது. இரண்டு பேருமாகக் கடப்பாரை போட்டு நெம்பி, உருட்டிக்கொண்டு வந்தோம். அதற்கப்புறம் அவள் உள்ளே போகும்போது புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு தாவு தாவினாள். எனக்குச் சோறு அங்கே போடுவதை நிறுத்திவிட்டாள். "படி இல்ல, நீ வர வேண்டாம். நானே கொண்டாருதேன்" என்று இலையை வடபக்கம் கொண்டு வந்து வைப்பாள். சும்மா சொல்லக் கூடாது, சோறு ஒருநாளும் குறைந்ததில்லை. கறி வைக்காவிட்டாலும் குழம்பைத் தாராளமாக ஊற்றுவாள். வாங்காதவளே தவிர, கொடுக்காதவள் இல்லை. அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக வந்தது. கஞ்சத்தனம் என்றால் ஒரு பெயர் சொல்லித் திட்டிவிட்டுப் போகலாம்.

வெள்ளையடிப்பும் அப்படித்தான். சுண்ணாம்பு மங்கலாக இருக்கிறது, சலவைக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை கலந்தால் பளிச்சென்று இருக்கும் என்றேன். எல்லோரும் செய்வதுதான். மதுரைக்காரர்கள் ஒவ்வொரு வருஷமும் விட்டுப் போன நீலப் பொட்டலங்களை அவள் சேர்த்து வைத்திருந்தாள். வீணாகப் போகக் கூடாதென்று அத்தனையையும் கொட்டிவிட்டாள். சுவர் காய்ந்ததும் மயிற்கழுத்து நிறத்தில் நின்றது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

"நல்லாத்தாம்லே இருக்கு. பாசி பிடிச்சாத் தெரியாது" என்றாள்.

ஒரே ஒரு விஷயத்தில் அவளுக்கு ஆடம்பர ஆசை இருந்தது. தரை. ஏதோ ஒரு ஜமீன் பங்களாவில் எப்போதோ சிவப்புச் சிமெண்டுத் தரையைப் பார்த்திருக்கிறாள். முகம் பார்க்கலாமாம். அதே மாதிரி வேண்டும். சிமெண்டு எங்கே என்றேன். பாலம் கட்டினவர்கள் விட்டுப் போன மூட்டை ஒன்று விறகுக்கு அடியில் இருந்தது. பாதி கல்லாகியிருந்தது. மிச்சப் பாதியைச் சலித்து, காவிப்பொடி கலந்து, தரை போட்டேன். கூழாங்கல்லை வைத்துத் தேய்த்தேன். தேங்காயெண்ணெய் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். முழங்கால் தோல் உரிந்தது. என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்து முடித்த முதல் வேலை அதுதான் என்று நினைக்கிறேன். கடைசியில் உண்மையிலேயே முகம் தெரிந்தது.

அவள் குனிந்து பார்த்துவிட்டுத் தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் காலையில் பால்காரப் பெண் ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுத் தரையைப் பார்க்க ஆசைப்பட்டு ஈரக்காலோடு உள்ளே போனாள். போன வேகத்தில் எதிர்ச்சுவருக்குப் போய்ச் சேர்ந்தாள். நல்லவேளை, பால் வெளியே இருந்தது.

"யாத்தா, இது குளிக்க ரூமா, ஆளைக் கொல்லுத ரூமா?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

அப்போதுதான் எங்கள் இருவருக்கும் உறைத்தது. உலகத்தில் வேறெந்த ஊரிலும் அந்தத் தரை நன்றாக இருந்திருக்கும். வருகிறவன் அத்தனை பேரும் உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை எண்ணெயோடு வருகிற ஊரில், முகம் தெரிகிற தரையைப் போட்டு வைத்திருந்தோம்.

"எல்லாத்தையும் பேத்துருவோம்" என்றேன். எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது.

"எதுக்குப் பேக்கணும்? சும்மா இருலே."

தெருவில் அம்மி கொத்துகிற பெண் ஒருத்தி கூவிக்கொண்டு போனாள். அக்கா அவளைக் கூப்பிட்டுக் குளியலறைக்குள் கொண்டுபோய்த் தரையைக் காட்டினாள். அவள் தரையையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மி எங்க?"

"இதான் அம்மி. கொஞ்சம் பெரிசு."

இரண்டு நாள் உட்கார்ந்து உளியால் தரை முழுவதும் புள்ளி புள்ளியாகக் கொத்தினாள் அந்தப் பெண். ஒவ்வொரு தட்டும் என் முழங்காலில் விழுகிற மாதிரி இருந்தது. அம்மிக் கல்லில் போடுகிற பழக்கத்தில், கதவருகே ஒரு மீனையும் கொத்திவிட்டாள். அக்கா ஒரு பழைய சேலையையும் படி அரிசியையும் கொடுத்தனுப்பினாள். நான் செய்த ஒரே நல்ல வேலையில் இப்போது மிளகாய் அரைக்கலாம் போலிருந்தது.

"இப்ப வழுக்குதா பாரு" என்று அக்கா காலில் எண்ணெயைத் தடவிக்கொண்டு அதன்மேல் குறுக்கும் நெடுக்கும் நடந்து காட்டினாள். வழுக்கவில்லை. அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது.

கடைசியாக மிஞ்சியது கூரை. அது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். ஆனி பிறந்துவிட்டது. மதுரைக்காரர்கள் வருகிற வாரம். மேற்கே மலை தெரியவில்லை, அவ்வளவு மேகம். நான் தீர்மானமாகச் சொன்னேன்.

"யக்கா, இதுக்கு மட்டும் ஓடு வாங்கித்தான் ஆகணும். எங்கயும் பிடுங்கப்படாது."

"பழைய தொழுவத்து ஓடு கெடக்கு. நீ மேல ஏறு. நான் எடுத்துத் தாரேன்."

வீட்டுக்குப் பின்னால் எப்போதோ மாட்டுத் தொழுவம் ஒன்று இருந்து விழுந்திருக்கிறது. சரி என்று ஏறினேன். அவள் வீட்டைச் சுற்றிக்கொண்டு போய், மார்போடு அணைத்து ஓடுகளைக் கொண்டு வந்து ஏணியில் பாதி ஏறி நீட்டினாள். நான் வாங்கி வாங்கி வேய்ந்தேன். நல்ல ஓடுகளாகவே இருந்தன. தொழுவத்துக்கு இவ்வளவு நல்ல ஓடா என்று நினைத்தேன். வடபக்கம் உட்கார்ந்திருந்தவனுக்கும் அவள் போய்வந்த இடத்துக்கும் நடுவில் பெரிய வீட்டின் முகடு மறைத்துக்கொண்டிருந்தது.

மதுரைக் குடும்பம் வந்து இறங்கியது. வீட்டம்மாள் பெட்டி படுக்கையை இறக்கவிடாமல் நேராக வடபக்கத்து அறைக்குப் போனாள். அக்கா வாசலிலேயே நின்றுகொண்டாள். முந்தானையை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். அவள் கை ஒன்றையும் தூக்காமல் இருந்து நான் பார்த்தது அப்போது மட்டும்தான். உள்ளே அந்த அம்மாள் கழிகளைத் தொட்டுப் பார்ப்பது, கதவைச் சாத்திப் பார்ப்பது எல்லாம் கேட்டது. நான் வெளியே அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

"இந்த மீனு யார் போட்டது?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"நம்ம ஆளுதான்" என்றாள் அக்கா. வாயில் வந்ததைச் சொன்னாள்.

"நல்லாருக்கு. பிள்ளைங்களுக்குப் பிடிக்கும்."

படுக்கைகளை இறக்கச் சொன்னாள். முன்பணம் கைமாறியது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுப்பில் புகை என்று என்னைத் திட்டினாள்.

இது நான் கிளம்பியதற்கு முந்தாநாள் நடந்தது. கிளம்பிய அன்றைக்கு மத்தியானம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சோற்றை இலையில் வைத்துவிட்டுப் போன அக்கா உப்பு வைக்க மறந்துவிட்டாள். உப்புக் கேட்கலாம் என்று நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு சாய்ப்புக்குப் போனேன். படியில்லாத வாசலில் ஏறிப் பாயை விலக்கினேன்.

அவள் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தாள். தலையில் ஒரு முறத்தைக் கவிழ்த்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, என்ன இது?"

"என்ன, குழம்பு."

"மேல பாருங்க."

"மேல என்ன இருக்கு?"

"அதான் கேக்குதேன். மேல என்ன இருக்கு?"

கூரையில் பெரும்பாலும் சட்டங்கள்தான் இருந்தன. அவற்றுக்கு நடுவில் மழை நேராக இறங்கியது. அரிசிப் பானைக்கும் விறகுக்கும் மேலே மட்டும் ஓடுகளை விட்டு வைத்திருந்தாள். அடுப்புக்கு மேலே பாதி. அவள் படுக்கிற மூலைக்கு மேலே ஒன்றுமில்லை. பாயைச் சுருட்டி நிறுத்தியிருந்தாள். வெளிப்பக்கம் உரல் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் உருவியிருக்கிறாள்.

"தொழுவத்து ஓடுன்னீங்களே?"

"நான் கெடக்குத எடம் தொழுவம் இல்லாம பின்ன அரமனையா?"

நான் வேய்ந்த ஓடுகளை நானே போய் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று கத்தினேன்.

"மெல்லப் பேசு. அவுக சாப்பிடுதாக."

"அவுக தலையில ரெண்டு சொட்டு விழுந்தா என்ன? நனையதுக்குத்தானே அம்புட்டுத் தூரத்துல இருந்து வந்திருக்காக?"

"அருவியில நனையதுக்குத் துட்டு செலவழிக்காக. வீட்டுல நனையாம இருக்கதுக்கும் துட்டு கொடுக்காக. ரெண்டும் வேற வேறலே."

"முன்பணம் வாங்கினீங்களே, அதுல ஓடு வாங்கப்படாதா?"

"அது ஆவணிக்கு மேல திங்கதுக்கு. சீசன் ரெண்டு மாசம்லே. வயிறு பன்னெண்டு மாசம்."

"அதுக்குள்ள ஒங்களுக்குச் சன்னி கண்டு போச்சுன்னா?"

அவள் முறத்தைக் கொஞ்சம் நகர்த்தி என்னைப் பார்த்தாள். சிரித்த மாதிரி இருந்தது. நனைந்த முகத்தில் சரியாகத் தெரியவில்லை.

"ரெண்டே மாசம். அவுக போனதும் இங்கன இருக்கதை…"

அந்த வாக்கியத்தை முடிக்கவிடாமல் நான் வெளியே குதித்தேன். மூட்டையையும் கரணையையும் எடுத்தேன். இந்த வீட்டில் இனி ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன் என்றேன். "சோத்தைத் தின்னுட்டுப் போலே" என்று பின்னால் குரல் கேட்டது. நான் திரும்பவில்லை.

மழைக்கு அங்கங்கே ஒதுங்கி ஒதுங்கித் தென்காசிக்கு வந்து சேர்ந்தபோது இருட்டிக்கொண்டு வந்தது. எனக்கு எந்த ஊரும் கடைசி ஊர் இல்லை. கிழக்கே போகிற வண்டி எது வந்தாலும் ஏறிவிடலாம் என்று ஸ்டேஷன் கொட்டகையில் படுத்தேன். கூரைத் தகரத்தில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நான் ஒழுகாத இடத்தில் படுத்திருந்தேன். அதுவே ஓர் எரிச்சலாக இருந்தது.

காலையில் கூட்ஸ் வண்டியிலிருந்து கழற்றிவிட்ட இரண்டு பெட்டிகள் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றன. கொல்லத்திலிருந்து வந்தவை. மேஸ்திரி ஒருவர் காதில் பீடியைச் செருகிக்கொண்டு ஆள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடு இறக்க வாரியா?"

கிழக்கே போகிற பாசஞ்சர் புகை விட்டுக்கொண்டு நின்றது. நான் அதைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன்.

"வாரேன். கூலி துட்டா வேண்டாம். ஓடா கொடுங்க."

"ஓடா? வீடு கட்டப் போறியாக்கும்?" என்று என் மூட்டையைப் பார்த்துச் சிரித்தார். "மூளி ஓடு நெறையக் கெடக்கும். சாயங்காலமாப் பொறுக்கிக்க."

"மூளி வேண்டாம் அண்ணாச்சி. முழு ஓடுதான் வேணும். புதுசா."

எங்கிருந்தும் பிடுங்காத பொருள் ஒன்று அந்த வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்று எனக்கு ஆத்திரம். கையில் கொடுத்தால் முன்வீட்டுக்கு எங்கேயாவது கொண்டுபோய் வைத்துவிடுவாள். நானே உரல்மேல் ஏறி, அந்தப் படுக்கிற மூலைக்கு மேலே வைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். கீழே நின்று கத்துவாள். கத்தட்டும்.

மேஸ்திரி காதிலிருந்த பீடியை எடுத்துப் பற்றவைத்தார்.

"கூலிக்கு முழு ஓடுன்னா ஒரு நாள் வேலைக்குக் கூரை தேறாதுலே."

"தேறுத வரைக்கும் இறக்குதேன்."

பாசஞ்சர் கூவிக்கொண்டு கிளம்பியது. பெட்டிக் கதவின் கொண்டியைத் தட்டித் திறந்தார்கள். வைக்கோலை விலக்கினேன். ஓடுகள் சிவப்பாக, காய்ந்து, ஒரு சொட்டுக்கூட மழை படாமல் அடுக்கியிருந்தன. இரண்டிரண்டாக எடுத்துக் கீழே நின்றவன் கையில் கொடுக்க ஆரம்பித்தேன்.